உலர் வலயமும் உழவர் வரலாறும்

வெப்ப நாட்டு மக்கள் சோம்பலுக்கே பிறந்தவர் என்னும் கொள்கை பழமையானது. 1748இல் பிரான்சிய அறிஞர் மொந்தெஸ்கியூ வெளியிட்ட நூலிலும் அது இடம்பெற்றது. பின்னாளில், நாடு பிடித்தோர்க்கு அது வசதியான ஆயுதமாயிற்று. பொத்துவில் மண்ணிலே நின்று இக்கொள்கையை நாம் உரசிப் பார்ப்போம்.

அயனமண்டலக் காலநிலை ஒருபடித்தானதன்று. அறிஞர் கெப்பனின் பாகுபாட்டின்படி, மிகக் குளிர்ந்த மாதத்திலும் சராசரி வெப்பநிலை 18 பாகை செல்சியசுக்குக் குறையாத நிலங்கள் இதில் அடங்கும். ஆண்டு முழுவதும் மழை பெறும் மத்திய கோட்டு வகை, குறுகிய வறட்சியைப் பெருமழையால் ஈடுசெய்யும் பருவக்காற்று வகை, நீண்ட வறட்சியுடைய சவன்னா வகை என அது மூவகைப்படும். இரத்தினபுரி முதல் வகையினது. பொத்துவில் மூன்றாம் வகையினது.

இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலக்கோட்டில் உள்ளவை. அவற்றைக் காயும் கதிரவனும் ஒருவனே. வேற்றுமைக்குக் காரணம், நடுவே நிற்கும் மலைகளும் வீசும் காற்றுமாம். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மேற்குச் சரிவிலேயே பொழிந்துவிடுகிறது. மலை கடந்து இறங்கும்போது வெப்பமுற்று, உலர்ந்து, நம் கரையில் கச்சானாய் வீசுகிறது. கதிரவனைப் பின்பற்றி மழைவலயம் தெற்கே நகரும் ஐப்பசி, கார்த்திகையிலும், வங்கக் கடலைக் கடந்து வாடை வீசும் மார்கழி, தையிலுமே நமக்கு மாரி.

ஆகவே, உலர் வலயம் மழையற்ற நிலமன்று. சில மாதங்களில் பெய்வதை ஆண்டு முழுவதற்கும் காக்க வேண்டிய நிலம். இதனை முன்னோர் உணர்ந்தனர், குளங்களைக் கட்டினர். சோம்பேறிகள் கட்டியவையா அவை?

13ஆம் நூற்றாண்டின் பின் பெருங்குளங்கள் சிதையலாயின. ஆங்கிலேயர் 1832இல் இராசகாரிய முறையை ஒழித்தனர். கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்றே. ஆயின், குளக்கட்டைப் பேணிய கூட்டுழைப்புக்குத் தக்க மாற்று அமைக்கப்படவில்லை. ஆட்சியின் கண் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களிலே பதிந்திருந்தது. நெல்வயல் நீர்ப்பாசனத்துக்கெனச் சட்டம் பிறந்தது 1856இலேதான். குளம் தூர்ந்த ஊரிலே உழவன் ஒரு போகத்தோடு நின்றான்; அவனைச் சோம்பேறி என்றது ஆளும் வர்க்கம்.

கச்சானை நிறுத்த எவராலும் இயலாது. மாரிநீரைத் தேக்குவதும், தேக்கிய நீரை நீதியுடன் பங்கிடுவதும் மனிதர் கையிலுள்ளவை. காலநிலைப் பாடம் நடத்தும் ஆசிரியர், காற்றின் திசையோடு இவ்வரலாற்றையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். அன்றேல், வறுமையை இயற்கையின் தீர்ப்பென்று நம்பும் தலைமுறையையே நாம் வளர்ப்போம்.