குலுக்கி அளக்காத மணல்

அரிசிக் கடையில் படியால அளக்கிறதைப் பார்த்திருப்பீங்க. மொண்டு அப்படியே தலை தட்டினா ஒரு கணக்கு. படியை நாலு தட்டு தட்டிக் குலுக்கினா அரிசி கீழே இறங்கி, மேல இன்னொரு கைப்பிடி இடம் கிடைக்கும். மணலும் அப்படித்தான். இதைக் கண்டுக்காம ஒரு நகரத்தில் ஒரு பேட்டையையே கட்டின கதை இது. படிச்சது சிவில், பார்க்கிறது பொட்டி தட்டுற வேலைன்னு ஆனபிறகு, கல்லூரியில தூங்கிக் கழிச்ச மண்ணியல் பாடம் இப்பத்தான் சுவாரசியமா இருக்கு :-)

1906 ஏப்ரல் 18 விடிகாலை சான் பிரான்சிஸ்கோவைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. பிறகு மூண்ட தீ மிச்சத்தைத் தின்றது. எந்தத் தெருவில் எவ்வளவு சேதம்னு லாசன் என்ற பேராசிரியர் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து, 1908-ல் அறிக்கை வெளியிட்டது. அதில் தெளிவாகத் தெரிந்தது ஒன்று: பாறை மேல் நின்ற வீடுகள் பெரும்பாலும் தப்பின, ஓடையையும் சதுப்பையும் மண் கொட்டி மூடிய இடங்களில்தான் நாசம் அதிகம். வலென்சியா தெருவில் ஒரு நாலு மாடி ஓட்டல் அப்படியே அமுங்கி, மேல்மாடி தெரு மட்டத்துக்கு வந்துவிட்டது. அதுவும் பழைய சதுப்பின் மேல் கட்டியதுதான்.

ஆக, 1908-லேயே விஷயம் எழுத்தில் இருக்கு. நாலே வருஷம். 1912-ல் அதே நகரம் வளைகுடா ஓரத்தில் இருந்த ஒரு நீர்ப்பரப்பை நிரப்ப ஆரம்பித்தது! பனாமா கால்வாய் திறப்பைக் கொண்டாட 1915-ல் உலகக் கண்காட்சி நடத்த இடம் வேணுமே. வளைகுடாவின் அடியிலிருந்து மணலையும் சேற்றையும் தண்ணீரோட உறிஞ்சிக் குழாய் வழியா பீய்ச்சினாங்க. தண்ணி வடிஞ்சது, மணல் தங்குச்சு, அவ்வளவுதான். யாரும் இடிச்சு இறுக்கலை. அதுக்குக் கீழேயோ மெத்து மெத்துன்னு வளைகுடாச் சேறு.

கண்காட்சிக்காரர்களைத் திட்ட எனக்கு மனசில்லை. அவங்க போட்ட மண்டபங்கள் மரச்சட்டமும் சாந்துப் பூச்சும் மட்டும்தான். ஒரு வருஷம்கூட நிற்க வேண்டியதில்லை. அந்த வேலைக்கு அந்த மண் போதும். தப்பு நடந்தது அதுக்கப்புறம். கண்காட்சியைப் பிரிச்செடுத்த இடத்தில் 1920-களில் மூணு, நாலு மாடி மர வீடுகள் வர ஆரம்பிச்சன. கீழ்த்தளம் முழுக்க கார் நிறுத்த கராஜ். குறுக்குச் சுவர் சொற்பம். அந்த மண்ணைப் பற்றி யாராவது அப்போது மறுபடி கேட்டிருக்கணும்.

கேட்டாலும் அளக்க என்ன இருந்தது? டெர்சாகியின் மண்ணியல் நூல் வந்தது 1925-ல். பிராக்டர் தன் சோதனையை வெளியிட்டது 1933-ல். புட்டுக்கு மாவு பிசறுவதைப் போலத்தான் அது. தண்ணி குறைஞ்சா மாவு பிடிக்காது, கூடினா கூழாகிடும். நடுவில் ஒரு பதத்தில்தான் மண் அதிகமா இறுகும். ஏற்கெனவே கொட்டிக் கிடக்கிற மணலுக்கு வேற சோதனை: துளை போட்டு, 63.5 கிலோ சுத்தியலை 76 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடின்னு எண்ணணும். பத்துக்குக் கீழே வந்தா அது குலுக்காத படி அரிசி.

1989 அக்டோபர் 17, மாலை 5:04. மையம் நூறு கிலோமீட்டர் தள்ளி, லோமா பிரியேட்டா மலைப்பக்கம். ரிக்டர்னு சொல்லிப் பழகின கணக்கில் 6.9. சுமார் 15 விநாடி. மரீனா என்று பெயர் மாறியிருந்த அந்தப் பேட்டையில் படி குலுங்கியது. மணல் துகள்கள் நெருங்கப் பார்த்தன. நடுவில் இருந்த தண்ணீருக்கு வெளியேற நேரமில்லை. அதனால் தண்ணீரின் அழுத்தம் ஏறி, துகளுக்குத் துகள் பிடிமானம் விட்டு, தரையே கூழானது. வீடுகள் கராஜ் மேல் மடிந்தன. தண்ணீர்க் குழாய்கள் உடைந்தன. தீ பிடிச்சப்போ தீயணைப்புக் குழாயில் தண்ணி இல்லை. 'ஃபீனிக்ஸ்' என்ற தீயணைப்புப் படகு வந்து வளைகுடா நீரை இறைத்துத்தான் அணைச்சாங்க. நிலநடுக்கத்தில் மொத்தம் 63 பேர் இறந்தார்கள். மரீனாவிலும் உயிர்கள் போயின.

விரிசல்கள் வழியே மணல் ஊற்றாய்ப் பொங்கியது. அதில் கருகிய மரத்துண்டுகளும் வந்தன. 1906-ன் தீயில் எரிந்த வீடுகளின் மிச்சம். (மரீனா முழுக்க 1906 இடிபாட்டால் நிரப்பியதுன்னு சிலர் எழுதுறாங்க. இல்லை, பெரும்பகுதி பீய்ச்சின மணல்தான்.) பழைய கடற்கரை வரைபடத்தை வைத்துப் பார்த்தபோது, பேட்டைக்குள்ளேயே இயற்கையான கடற்கரை மணல் இருந்த பகுதியில் சேதம் குறைவு.

இதே முறையில் 1930-களில் உருவாக்கிய ட்ரெஷர் தீவிலும் அன்று தரை கூழானது. ஆனா அங்கே முன்னாடியே அதிர்வு கொடுத்து மணலை இறுக்கியிருந்த சில இடங்கள் பெரிசா அசையலை. அதாவது, குலுக்கி அளந்த இடங்கள்.

1990-ல் கலிபோர்னியா இப்படிக் கூழாகக்கூடிய இடங்களை வரைபடமாக்கச் சட்டம் போட்டது. கராஜ் மேல் நிற்கும் பழைய மர அடுக்ககங்களுக்குக் கீழ்த்தளத்தைப் பலப்படுத்தணும்னு 2013-ல் சான் பிரான்சிஸ்கோ உத்தரவு போட்டது. வீடுகளுக்கு இரும்புச் சட்டம் வந்தாச்சு. அடியில் இருக்கிறது பெரும்பாலும் அதே 1912 மணல்தான்.