மாதோட்டத்து வணிகர் மண்டபம்

மன்னார்க் கடைத்தெருவிலே எனது அப்பப்பாவுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. தராசுக்குப் பக்கத்தில் ஒரு தகர உண்டியல். நாள்தோறும் கடை பூட்டுமுன் அன்றைய விற்பனையைக் கணக்குப் பார்த்து, அதிலே ஒரு சிறு பங்கை அந்த உண்டியலில் போடுவார். "இது ஆற்றை காசு, அப்பப்பா?" என்று சிறுவயதில் நான் கேட்டதுண்டு. "இது மகமை, மோனை. எங்கட காசில்லை, கேதீச்சரத்தாற்றை காசு" என்பார். கடையில் நட்டம் வந்த மாதங்களிலும் அந்த உண்டியலில் அவர் கைவைத்ததை நான் கண்டதில்லை.

பல ஆண்டுகளின் பின், கொழும்பு நூதனசாலையில் மாதோட்டத்துக் கல்வெட்டு ஒன்றின் முன்னே நின்றபோது, அந்தத் தகர உண்டியல் மீண்டும் என் நினைவுக்கு வந்தது. சோழ நாட்டவரான தாழிகுமரன் என்பார், இராசராசபுரம் என அந்நாளிற் பெயர்பெற்ற மாதோட்டத்திலே, இராசராச ஈச்சரம் என்னும் கோயிலை எடுப்பித்த செய்தியை அந்தக் கல் சொல்கிறது. வைகாசி விசாகத்தை ஒட்டி அங்கே ஏழு நாள் விழா நடந்தது. அதன் செலவுக்கு நிலம் மட்டும் விடப்படவில்லை. ஊரில் நடக்கும் விற்றல் வாங்கலிலிருந்தும், நெசவுத் தறிகளிலிருந்தும் பெறும் வரியும் விடப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மகமை அது!

மாதோட்டத்துத் திருவிராமீச்சரத்தைச் சேர்ந்த இன்னொரு கல்வெட்டு இதனினும் சுவையானது. கோயிலுக்குக் கொடையாக வந்த காசு அவ்வூர் வணிகரிடமே ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் யார்? எண்ணெய் வணிகராகிய சங்கரபாடியார், வெற்றிலை வாணியர், வாழைக்காய் வாணியர். முதலை இவர்கள் வைத்துக்கொள்வார்கள். அதன் பொலிசையாக, அதாவது வட்டியாக, கோயிலுக்கு வேண்டியது தவறாமற் போய்ச் சேரும். இன்று வங்கி செய்யும் வேலையை அன்று வாழைக்காய் விற்றவர்கள் செய்தார்கள். அரசர் மாறினாலும் இவர்கள் சொல் மாறாது என்ற நம்பிக்கை ஊருக்கு இருந்திருக்கிறது.

மாதோட்டம் நேற்று முளைத்த துறைமுகமன்று. விசயனுக்கு மணமகளாகப் பாண்டிய இளவரசி வந்தபோது, பதினெட்டுத் தொழிற்குழுக்களைச் சேர்ந்த ஆயிரம் குடும்பங்களும் உடன்வந்து மகாதித்தத்தில் இறங்கியதாக மகாவம்சம் கூறும். அந்த மகாதித்தமே நமது மாதோட்டம். சம்பந்தரும் சுந்தரரும் கேதீச்சரத்தைப் பாடியபோது, பாலாவிக் கரையையும் மரக்கலங்கள் நிறைந்த கடலையும் சேர்த்தே பாடினர். பிற்காலத்தில் ஐந்நூற்றுவர், வலஞ்சியர், நானாதேசியர் எனப் பல பெயர்களால் வழங்கிய வணிக கணங்கள் ஈழமெங்கும் பரவின. பொலன்னறுவையிலே புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றபோது, வலஞ்சியரையும் நகரத்தாரையும் கூட்டிவைத்தே அதனை ஏற்றதாக அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு உரைக்கிறது. வணிகரின் சாட்சி சமய எல்லையைத் தாண்டியும் மதிக்கப்பட்டது.

இனி ஒரு கேள்வி. ஐரோப்பிய நகரங்களிலே வணிக சங்கங்கள் தமக்கெனப் பெரு மாளிகைகள் கட்டின. பிரசல்ஸ் நகரச் சதுக்கத்தில், 1695இல் நடந்த பீரங்கித் தாக்குதலின் பின் அவை திரும்பக் கட்டியெழுப்பிய இல்லங்கள் பொன்முலாம் பூசிய சிற்பங்களோடு இன்றும் நிற்கின்றன. நமது ஐந்நூற்றுவரின் மாளிகை எங்கே?

அதற்கு விடை தேடக் கடல் கடக்க வேண்டும். பர்மாவின் பகான் நகரிலே நானாதேசி விண்ணகர் என்றொரு திருமால் கோயில் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர் அங்கே ஒரு மண்டபம் எடுத்து, கதவு இட்டு, எரிய ஒரு விளக்கும் கொடுத்தார் என்பது கல்வெட்டுச் செய்தி. கோயில் மண்டபமே வணிகரின் மண்டபம். வணிக கணத்தின் பெயரே கோயிலின் பெயர்.

சுமாத்திராத் தீவின் பாருசிலே 1088ஆம் ஆண்டில் ஐந்நூற்றுவர் கூடி எழுதிய கல் ஒன்று உண்டு. மரக்கலத்தோடு வருவோர் கஸ்தூரி விலைப்படி பொன் இறுத்த பின்னரே விரித்த பாவாடையில் ஏறலாம் என்கிறது அது. பாவாடை என்பது நடப்பதற்காக விரிக்கும் துணி. கடனைத் தீர்த்தவனுக்கே அந்த மரியாதை. தமிழகத்துப் பிரான்மலையிலோ, வணிகர் தம் கல்வெட்டின் மேலே மேழி முதலிய சின்னங்களைப் பொறித்து, கீழே உப்பு, நெல், மிளகு, பாக்கு என்று சரக்குகளை வரிசைப்படுத்தி, அவற்றிலிருந்து கோயிலுக்குச் சேர வேண்டிய பங்கையும் எழுதிவைத்தனர். ஒரு கதவு, ஒரு விளக்கு, விரித்த துணி, கல்லிலே ஒரு மேழி: இவையே நமது வணிகர் மண்டபத்தின் அலங்காரம். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கொடுத்த வாக்கின் அடையாளம்.

மாதோட்டத்து மண்டபங்கள் நமக்கு எஞ்சவில்லை. போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றினர். அவர்களால் இடிக்கப்பட்ட கேதீச்சரத்தின் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போய்விட்டன என்பது வழிவழியாக வந்த செய்தி. கோட்டை மதிலருகே செல்லும்போதெல்லாம் என் கண் எழுத்துள்ள கல்லைத்தான் தேடும். 1872இல் ஆறுமுக நாவலர் விடுத்த அறைகூவலே கோயிலை மீட்கும் முயற்சிக்கு வித்தாயிற்று. 1980களின் தொடக்கத்தில் மாந்தை மேட்டிலே நடந்த அகழாய்வு சீனத்துப் பீங்கானையும் மேற்காசிய மட்பாண்டங்களையும் வெளிக்கொணர்ந்தது. 1984இன் பின் போர்ச்சூழல் அதனைத் தொடர விடவில்லை. போர் ஓய்ந்தபின் திரும்பவும் தோண்டியபோது மிளகும் ஒரு கிராம்பும் கிடைத்தன. எங்கோ கீழைத் தீவொன்றிற் காய்த்த கிராம்பு, நமது மண்ணிலே ஆயிரம் ஆண்டு உறங்கியிருந்தது!

ஆனால் கல்லும் கிராம்பும் மட்டுமா நாம் இழந்தவை? அப்பப்பாவின் கடைக்கு அடுத்த கடை ஒரு முஸ்லிம் பெரியவருடையது. நாங்கள் அவரை நானா என்போம். சிவராத்திரிக்கு நடந்து போவோருக்குத் தன் கடை வாசலிலே தண்ணீர்ப் பானை வைப்பார். அப்பப்பா ஊரில் இல்லாத நாட்களில் எங்கள் கடைத் திறப்பு அவரிடத்திலேதான் இருக்கும். 1990 ஒக்ரோபரில் மன்னார் உட்பட வடபகுதி முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டபோது, நானா தன் கடைத் திறப்பை அப்பப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் திரும்பி வரவில்லை. அந்தத் திறப்பை அப்பப்பா சாகும்வரை உண்டியலுக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்.

நானாதேசியர் என்றால் பல தேசத்தவர் என்று பொருள். பல தேசத்தவர் வந்து, ஒருவர் காசை ஒருவர் நம்பி வைத்துக்கொண்ட துறைமுகம் எங்களுடையது. அந்த நம்பிக்கை உடைந்த நாளில், போர்த்துக்கேயர் இடித்ததைவிடப் பெரிய மண்டபம் ஒன்றை நாமே இடித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

2022ஆம் ஆண்டில் கேதீச்சரம் கருங்கல் திருப்பணி நிறைவுற்றுக் குடமுழுக்குக் கண்டது. புதிய தூண்கள் அழகாக நிற்கின்றன, மகிழ்ச்சியே. அங்கே நின்றபோது நான் தேடியது எரிகின்ற விளக்கொன்றை. அதற்கு எண்ணெய் வார்க்கச் சம்மதித்த சங்கரபாடியாரின் பெயர்கள் நமக்குத் தெரியவேண்டியதில்லை. அவர்கள் ஏற்ற பொறுப்பு நம் கையில் இருக்கிறதா என்பதே கேள்வி. அப்பப்பாவின் உண்டியல் இன்று என்னிடம் இருக்கிறது. நானாவின் திறப்பும் அதற்குள்ளேதான் இருக்கிறது.