கருவியின் காலமும் உழைப்போர் வரலாறும்

பெரகல, அப்புத்தளைத் தோட்டங்களின் இசை வரலாற்றை எழுத முனைவோர், பொருட்சான்றின் காலத்தை வரையறுக்கும் முறையை அறிதல் வேண்டும். மடியிற் கிடத்தி, உருக்குத் துண்டைத் தந்தி மேல் நகர்த்தி மீட்டப்படும் ஹவாய்க் கிற்றார் இதற்கு ஏற்ற உதாரணமாகும்.

1932இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரிக்கன்பாக்கர் மின்கிற்றார் இவ்வகையினதே. அதன் லாடக் காந்தங்கள் இரண்டாம் உலகப் போருக்கு முன் ஒன்றரை அங்குல அகலமும், பின்னர் ஒன்றேகால் அங்குல அகலமும் உடையனவாயின. பிற்கால அமெரிக்கக் கருவிகள் பலவற்றில், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகின் உட்பாகத்தில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 1376612 எனின், 137 ஆக்கியோர் குறியீடு; எஞ்சியது 1966ஆம் ஆண்டின் 12ஆம் வாரம். திருகு மாற்றப்படாததாயின், கருவி அவ்வாரத்துக்கு முந்தியதன்று. ஈயப்பற்று கலைந்திருப்பின் அம்முடிவும் ஐயத்துக்குரியதே. மேலும், கருவி ஆக்கப்பட்ட ஆண்டு அது மலையேறிய ஆண்டாகாது.

விடியலிற் பெரட்டுக்கு அழைத்த தப்புக்கோ தொடரிலக்கம் இல்லை. தோல் கிழியப் புதுத்தோல் போர்த்தப்பட்டது. அடித்தவர் குடும்பத்தின் நினைவே அதன் காலச்சான்று. இலக்கமிட்ட பொருள்களையே சான்றெனக் கொள்வோமாயின், விலைக்கு வாங்கியோர் வரலாறே எஞ்சும். லயங்களில் வாழும் முதியோரின் நினைவுகளைத் திரட்டுதலும் கால ஆராய்ச்சியே ஆகும்.