இ.எஸ்.ஐ. சட்டமும் டெல்டா முதலாளிகளும்

பூம்புகார் கரையில் வலை இழுப்பவரும் மேலையூர் வயலில் நாற்று நடுபவரும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள். சட்டம் தேடி வருவது ஐஸ் பிளான்ட், அரிசி ஆலை, சீர்காழி, மயிலாடுதுறைக் கடைவீதிகளின் ஜவுளிக்கடை, ஓட்டல் போன்ற இடங்களை. அங்கே பத்துப் பேர் சம்பளத்துக்கு இருந்தால் முதலாளி பதிவு செய்தாக வேண்டும். அந்த முதலாளிக்குச் சட்டத்தை விளக்கிச் சொல்வது யார் வேலை என்பது முக்கால் நூற்றாண்டாக இழுபறியாக இருந்த கேள்வி.

1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின்படி, வேலையில் கை போனால் முதலாளி தன் கைக்காசிலிருந்து ஈடு கொடுக்க வேண்டியிருந்தது. எல்லோரும் சேர்ந்து ஒரு நிதிக்குப் பணம் கட்டிச் சுமையைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பதற்கு வடிவம் கொடுத்தது பேராசிரியர் பி.பி.அதார்க்கரின் 1944ஆம் ஆண்டு அறிக்கை. அதன் வழியே 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. ஆனால் திட்டம் தொடங்க நான்கு ஆண்டுகள் ஆயின. எங்கள் ஊரில் மட்டும் கட்டணம் பிடித்தால் மற்ற ஊர்ச் சரக்கோடு எப்படிப் போட்டியிடுவது என்று முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்களின் முதலாளிகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1951இல் சட்டத்தைத் திருத்தி, திட்டம் வராத ஊர் முதலாளிகளும் ஒரு சிறு பங்கு கட்ட வைத்த பிறகே, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு அதைத் தொடங்கிவைத்தார். தில்லியிலும் அன்றே தொடக்கம். தமிழகத்தில் 1955இல் கோயம்புத்தூர் முந்திக்கொண்டது. மற்ற பகுதிகளுக்குக் கெசட் அறிவிப்பு வரவர, திட்டம் ஊர் ஊராகத்தான் பரவியது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆலை வைத்திருந்தவருக்குச் சட்டம் பொருந்தவில்லை.

யாருக்குச் சட்டம் பொருந்தும் என்ற குழப்பத்துக்கு டெல்டாவில் தனிக் காரணமும் உண்டு. பருவகாலத் தொழிற்சாலைகளுக்குச் சட்டம் விலக்கு தருகிறது. குறுவை, சம்பா என்று அறுவடையை ஒட்டி ஓடும் அரிசி ஆலைக்காரர் தம்முடையதும் பருவ வேலைதானே என்று நினைப்பது இயல்பு. சட்டத்தின் பட்டியலிலோ பஞ்சு அரைவை, கடலை உடைப்பு, சர்க்கரை, தேயிலை, காப்பி எல்லாம் இருக்கின்றன. நெல் அரைவை இல்லை. ஒப்பந்தக்காரர் அனுப்பும் ஆட்களும் தலைக்கணக்கில் சேர்வார்கள். அவர்களுக்கான தொகையையும் ஆலை உரிமையாளரே முதலில் கட்டிவிட்டு, பிறகு ஒப்பந்தக்காரரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் முதலாளிக்கு எடுத்துச் சொன்னவர் பெரும்பாலும் கணக்குப்பிள்ளை, அவர் இல்லாவிட்டால் ஆடிட்டர். அரசுத் தரப்பிலிருந்து வந்தவருக்கு 1948 சட்டம் வைத்த பெயர் ‘ஆய்வாளர்’. 2010 திருத்தம் அவரைச் ‘சமூகப் பாதுகாப்பு அதிகாரி’ ஆக்கியது. ஒன்பது சட்டங்களை ஒன்றாக்கிய 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்போ அவரை ஆய்வாளராகவும் வழிகாட்டியாகவும் இருக்கச் சொல்கிறது. சட்டத்துக்கு எப்படி இணங்குவது என்று முதலாளிக்கும் தொழிலாளிக்கும் தகவலும் ஆலோசனையும் தருவது அவருடைய கடமைகளுள் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. பெயர் மாறியதைவிட இது பெரிய மாற்றம்.

தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. கெசட் எல்லைகள் போய், நாடு முழுவதும் ஒரே விதி. பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனமும் விரும்பினால் சேரலாம். கட்டண விகிதம் 2019 ஜூலையில் குறைக்கப்பட்டபடியே நிற்கிறது: முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம்.

தலைவலி தருவது ‘ஊதியம்’ என்ற சொல். எதை அதில் சேர்ப்பது என்பது பழைய வழக்கு. கோவை டெக்ஸ்மோ நிறுவனத்தின் வழக்கில், பயணப்படி ஊதியமாகாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய தொகுப்பின்படி, விலக்கப்பட்ட படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தில் சேரும். ஆலை மேற்பார்வையாளர் ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 9,000, வீட்டு வாடகைப்படி 13,000, பயணப்படி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 24,000. படிகள் 15,000; பாதியைத் தாண்டியது 3,000. ஆக ஊதியம் 12,000. வாடகைப்படியும் ஊதியமாக எண்ணப்பட்ட பழைய கணக்கில் இவர் 2017 முதல் நடப்பிலுள்ள 21,000 ரூபாய் வரம்புக்கு மேலே நின்றார். புதிய கணக்கில் உள்ளே வருகிறார். மாதம் முதலாளி 390, அவர் 90 ரூபாய். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும்.

அந்த 390 ரூபாய்க்கு முதலாளிக்கும் பலன் இருக்கிறது. பெல்ட்டில் கை சிக்கினால் அவரிடம் ஈடு கேட்க முடியாது, நிதிதான் கொடுக்கும். பதிவுக்கு வராமல் இருந்தவர்களை இழுக்க, 2025 ஜூலையில் ‘ஸ்ப்ரீ’ என்ற திட்டமும் தொடங்கியது. தாமாக வந்து பதிவு செய்தால் பழைய பாக்கி கேட்பதில்லை என்பது அதன் சலுகையாக இருந்தது. மாவட்டந்தோறும் 27ஆம் தேதிகளில் வருங்கால வைப்பு நிதி அமைப்பு நடத்தும் ‘வைப்பு நிதி உங்கள் அருகில்’ முகாமில் இ.எஸ்.ஐ. அதிகாரிகளும் சேர்ந்து உட்காருகிறார்கள். 2020 டிசம்பரில் தனி மாவட்டமான மயிலாடுதுறைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. சம்பளப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சந்தேகம் கேட்கலாம்.