திண்டுக்கல் சீமை – 14: ரோமாபுரியிலிருந்து வந்த மாணவர்

மைசூர்ப் படை சத்தியமங்கலம் வழியாக இறங்கி, கையில் அகப்பட்டவர்களின் மூக்கையெல்லாம் அறுத்துக்கொண்டு வந்த கதையை இந்த வாரம் சொல்வதாகச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். கன்னிவாடிப் பாளையக்காரர், சேதுபதி, திருமலை நாயக்கரின் தம்பி என எல்லோரும் களத்துக்கு வந்தாக வேண்டும். அதற்கு முன் ஒருவரைப் பார்த்துவிடுவோம். மூக்கறுப்புப் போரைப் பற்றி அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட சாட்சியம், மதுரை மிஷனைச் சேர்ந்த ஏசு சபைக் குரு ஒருவர் 1659இல் ஐரோப்பாவுக்கு அனுப்பிய கடிதம். இந்தக் கடிதங்கள் இல்லாமல் நாயக்கர் வரலாற்றில் பாதி இருட்டுதான். நம் ஊர்ச் சண்டையை இவ்வளவு விவரமாக எழுதும் அளவுக்கு இவர்கள் நம் மண்ணை எப்படிப் படித்தார்கள்? அந்தப் படிப்பைத் தொடங்கி வைத்தவர் ராபர்ட் டி நொபிலி.

1577இல் பிறந்த இத்தாலியப் பிரபு குடும்பத்துப் பிள்ளை. கர்தினால் பெல்லார்மினுக்கு உறவு. வீட்டார் எதிர்ப்பை மீறி ஏசு சபையில் சேர்ந்து, 1604இல் லிஸ்பனில் கப்பல் ஏறி, மறு ஆண்டு கோவாவில் இறங்கினார். அதே 1605இல்தான் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் நம் திண்டுக்கல் மலைமேல் கோட்டை எழுப்பினார் என்பது வழக்கு. 1606 நவம்பரில் நொபிலி மதுரைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 29.

மதுரை என்றதும் நம் கண்முன் நிற்கிற மகாலும் புதுமண்டபமும் அன்று கிடையாது. அவை பின்னால் திருமலை நாயக்கர் கட்டியவை. ஆனால் கோயில் இருந்தது, ஆயிரங்கால் மண்டபம் இருந்தது. கல்வியும் இருந்தது. 1610இல் எழுதிய கடிதத்தில் நொபிலி, மதுரையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படிப்பதாகவும், ஒவ்வோர் ஆசிரியரிடமும் இருநூறு முந்நூறு பேர் பயில்வதாகவும், அவர்கள் சோற்றுக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் நாயக்கர்கள் மானியம் விட்டிருப்பதாகவும் சொல்கிறார். படித்தவர்கள் அனைவரும் பிராமணர்கள் என்பதையும் அவரே குறிப்பிடுகிறார். எண்ணிக்கை கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். ரோமாபுரிக் கல்லூரியில் இறையியல் கற்றுத் தேர்ந்த ஒருவர் பார்த்து வியந்த கல்வி நகரம் அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அவர் மதம் பரப்ப வந்தவர். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பரப்புவதற்கு முன் மாணவராக உட்கார்ந்தாரே, அந்தப் பணிவுதான் என்னை அவரிடம் இழுக்கிறது. முதலில் தமிழ். பிறகு தெலுங்கு, நாயக்கர் அரண்மனையின் பேச்சு அதுதானே. அதன்பின் சிவதர்மர் என்ற தெலுங்குப் பிராமணரிடம் சமஸ்கிருதம். வேதத்தை அந்நியருக்குச் சொல்லிக்கொடுப்பது அன்று பெருங்குற்றம். வெளியே தெரிந்தால் சாதி போகும், பிழைப்பு போகும். அப்படியிருந்தும் சிவதர்மர் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தார். நொபிலியைப் பற்றி எத்தனையோ நூல்கள் இருக்கின்றன. என் கணக்கில் சரிபாதிப் புகழ் இந்த வாத்தியாருக்குச் சேர வேண்டும்.

படிப்போடு வாழ்க்கையும் மாறியது. கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி கட்டினார். காலில் கட்டைச் செருப்பு, நெற்றியில் சந்தனம். பிராமணர் குடியிருப்பை ஒட்டி மண் வீடு. பிராமணச் சமையற்காரர் வைத்துப் போடும் சோறும் காய்கறியும் பாலும் நாளைக்கு ஒரே வேளை. மீன், முட்டை, இறைச்சி எதுவும் இல்லை. மார்பில் மூன்று பொன்னிழையும் இரண்டு வெள்ளியிழையும் சேர்ந்த நூல், அதில் ஒரு சிலுவை. பரங்கி என்று அழைத்தால் மறுத்து, ரோமாபுரி ராஜ குலம் என்று சொல்லிக்கொண்டார். தத்துவபோதகர் என்ற பெயரும் நிலைத்தது.

இந்த இடத்தில் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு வில்லனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள்: கொன்சாலோ பெர்னாண்டஸ். பழைய போர்த்துகீசியச் சிப்பாய். 1595 முதல் மதுரையில் பரதவர்களுக்குக் குருவாக இருந்தவர். நொபிலி இந்துவாகவே மாறிவிட்டார் என்று 1610இல் மேலிடத்துக்குப் புகார் எழுதியவரும் அவரே. வழக்கு கோவாவுக்குப் போனது, ரோமுக்குப் போனது. 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி நொபிலி பக்கம் தீர்ப்புச் சொன்னார்: நூலும் குடுமியும் சந்தனமும் இருக்கலாம். ஆனால் பெர்னாண்டஸை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஊரில், ஒரே சபையைச் சேர்ந்த இருவர், தனித்தனிக் கோயில். பரதவர் ஒருபுறம், நொபிலியின் சீடர்கள் மறுபுறம். கூடப் பணிபுரிந்த கிழவரையும் அவர் மக்களையும் தீட்டாக ஒதுக்கித்தான் அந்த மண் வீட்டின் மரியாதை காப்பாற்றப்பட்டது. அந்த வேதனையிலிருந்து வந்த புகார் அது.

நம் சீமைக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மதுரை நாயக்கர் மானியமாக விட்ட செல்வம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. கன்னிவாடி, விருப்பாட்சி போன்ற பாளையங்கள் கப்பம் கட்டின. கட்டியவர்களுக்குப் பின்னால் இந்தக் கரிசலிலும் செம்மண்ணிலும் ஏர் பிடித்த குடியானவர்கள் இருந்தார்கள். அந்தக் குடியானவன் மகன் மதுரைக்கு நடந்தே போயிருக்கலாம். அந்தப் பாடம் அவன் காதில் விழுந்திருக்காது. கடல் கடந்து வந்தவருக்கு ஒரு சிவதர்மர் கிடைத்தார். இவனுக்குக் கிடைக்கவில்லை. நொபிலி மேல் எனக்குள்ள ஒரே மனக்குறை, அந்த வேலியை அவர் தாண்டிப் போனாரே தவிர பிடுங்கவில்லை என்பதுதான்.

பிடுங்காததன் விளைவும் சீக்கிரமே தெரிந்தது. காவி கட்டிய ஐயர் சேரிப்பக்கம் போக முடியாது. ஆகவே 1640இல் பல்தசார் டா கோஸ்டா பண்டார வேடம் பூண்டார். ‘பண்டாரசாமி’ என்று ஒரு தனி வகைக் குருமார் வந்தார்கள். எல்லாச் சாதியாரோடும் பழகலாம் என்பது இவர்களின் வசதி. நொபிலியோ முதுமையில் கண் மங்கி, யாழ்ப்பாணத்துக்கும் பிறகு மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டு, சீடர்கள் எழுத எழுதத் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம் போன்ற உரைநடை நூல்களை நமக்குத் தந்துவிட்டு, 1656 ஜனவரியில் மறைந்தார்.

அவர் வழியில் தமிழ் படித்த அன்தாம் தெ புரொயென்சா, 16,000க்கும் மேற்பட்ட சொற்களோடு ஒரு தமிழ்–போர்த்துகீசிய அகராதியைத் தொகுத்தார். அவர் இறந்தபின் 1679இல் மலையாளக் கரையின் அம்பலக்காட்டில் அது அச்சாயிற்று. அதன் ஒரு பிரதியை 1954இல் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தவர் தனிநாயகம் அடிகள். 1930களில் ரோமில் மாணவராக இருந்து இறையியல் படித்த, ஊர்காவற்றுறைத் தமிழர். 1966இல் கோலாலம்பூரில் அந்த அகராதி மறுபடி அச்சேறியது.

(தொடரும்)