தறிக்குழியும் தணிந்த மூச்சும்

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர்களின் உடல்நலம் பற்றிய பேச்சில் கண் பார்வை வரும், முதுகுவலி வரும், மூட்டுவலி வரும். மூச்சு வருவது அரிது. வந்தாலும் ‘பிராணாயாமம் செய்யுங்கள்’ என்ற அறிவுரையோடு பேச்சு முடிந்துவிடும். மூச்சு தணிந்து ஓடுவது பயிற்சியைவிட, உட்காரும் இடத்தையும் வேலையின் போக்கையும் பொறுத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுகிறார். ஒவ்வொரு முறையும் உள்ளே போவது ஏறத்தாழ அரை லிட்டர் காற்று. இழுக்கும் வேலையில் பெரும்பங்கு உதரவிதானத்துடையது. வெளிவிடும்போது நுரையீரல் தானே சுருங்கிக்கொள்ளும். யோக மரபு நாளுக்கு 21,600 மூச்சு என்கிறது. நிமிடத்துக்கு 15, கணக்கு பொருந்துகிறது. அதனால் முன்னோர் எண்ணிப் பார்த்தே சொன்னார்கள் என்று முடிவுகட்டுவது அவசரம். ஒரு நாளின் 60 நாழிகையை 360ஆல் பெருக்கினாலும் அதே எண்தான் வரும்.

‘நல்லா மூச்சை இழுத்து விடு’ என்ற அறிவுரையும் ஆராயத்தக்கது. நலமாக உள்ளவரின் தமனி இரத்தம் ஓய்விலேயே 95 சதவீதத்துக்குக் குறையாமல் ஆக்சிஜன் ஏற்றியிருக்கும். மேலும் மேலும் இழுத்தால் கூடுவது சொற்பம். குறைவது கரியமில வாயு. அது குறைந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும். அப்படிப்பட்ட இரத்தம் ஆக்சிஜனைத் திசுக்களுக்கு எளிதில் விட்டுக்கொடுப்பதும் இல்லை. டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர் 1904இலேயே இதைக் காட்டினார்.

தறிக்கு வருவோம். குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகளை மாற்றி மிதிக்கிறார். நெய்த துணி சுற்றும் கட்டை வயிற்றுக்கு நேர் எதிரே இருக்கிறது. இழை பார்க்கக் குனிந்தால் விலாவும் இடுப்பும் நெருங்கும். உதரவிதானம் கீழிறங்க இடம் குறையும். மூச்சு மார்போடு நின்று, அடிக்கடி வாங்க வேண்டியதாகும். தறியின் தாளம் மூச்சைச் சீராக்காதா என்று கேட்கலாம். கரையும் உடலும் ஒரே நாடாவில் ஓடும் சேலையில் ஓரளவு ஆக்கலாம். கோர்வைச் சேலையில் கதை வேறு. உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் ஓட வேண்டும்; கரை நாடாவுக்கு உதவியாள் வேண்டும். கரையும் உடலும் பிணையும் இடத்தில் ஓர் இழை தப்பினாலும் பழுது தெரியும். அவ்வளவு நுணுக்கமான வேலையில் மூச்சைப் பிடித்துக்கொள்வது எவருக்கும் இயல்பு. ஒவ்வோர் ஊடைக்கும் (குறுக்கிழைக்கும்) தாளம் தடைபடும் தறியில், காலையில் கால் மணி நேரம் செய்த பிராணாயாமம் எவ்வளவு தாங்கும்?

நெசவாளர்களுக்கான மருத்துவ முகாம்களில் பயிற்சி வகுப்புக்கு முன்பாக இரண்டு அளவுகளை எடுக்க வேண்டும். ஒன்று, கட்டைக்கும் வயிற்றுக்கும் உள்ள இடைவெளி. மற்றொன்று, தறியில் அமர்ந்த நிலையிலும் ஓய்விலும் நிமிட மூச்சு. அதற்குக் கைக்கடிகாரம் போதும். எண்ணுவதை மட்டும் நெசவாளரிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது, சொன்னால் மூச்சு மாறிவிடும். ஓய்விலும் 20ஐத் தாண்டுபவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மற்றவர்களுக்கு முதலில் இருக்கையைச் சரிசெய்ய வேண்டும்.