ஒரு படைவீரர் வென்ற வழக்கு

என்னிடம் படித்துப் பட்டாளத்துக்குப் போன கிணத்துக்கடவுப் பையன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். பணியில் பாரம் தூக்கி முதுகில் ஜவ்வு விலகி, 2019இல் ஊர் திரும்பியவன். ஊன ஓய்வூதியம் கேட்டதற்கு, ‘பணியால் வந்ததல்ல’ என்று பதில் வந்திருக்கிறது. “விட்டுடலாங்களா சார்?” என்றான்.

அவனுக்குச் சொன்ன வரலாறு இது. தரம்வீர் சிங் 1985இல் ராணுவத்தின் சிக்னல் பிரிவில் சேர்ந்தார். ஒன்பது ஆண்டுகளில் வலிப்பு நோய் வந்து வெளியே அனுப்பப்பட்டார். ஊனம் 20 சதவீதம். அது உடல்வாகால் வந்த நோய் என்று மருத்துவக் குழு எழுதியதால் ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. அவர் விடவில்லை. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்.

தீர்ப்பு சொன்னது இதுதான்: சேரும்போது நோய்க்குறிப்பு இல்லையென்றால், நல்ல உடம்போடு சேர்ந்தவர் என்றே கொள்ள வேண்டும். பணியால் வரவில்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. மருத்துவக் குழு காரணத்தையும் எழுத வேண்டும்.

2023 செப்டம்பரில் விதிகள் மாறின. இவன் அதற்கு முன்பே வந்தவன். முதலில் துறைக்குள் மேல்முறையீடு. அதற்கும் மறுத்தால், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

“சேர்ந்த அன்று எடுத்த மருத்துவப் பரிசோதனைத் தாளின் நகலை முதலில் கேட்டு வாங்கு” என்று சொல்லி அனுப்பினேன். உங்கள் வீட்டுப் பட்டாளத்துக்காரருக்கும் இதைச் சொல்லுங்கள்.